நாகநதியும் நம் ஊர்ப் பெண்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மகளிர் மன்றங்களும் ஊர் முன்னேற்றமும் என்று ஒரு தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். "சிவில் படிச்சவனுக்கு எதுக்கு அண்ணே இந்தத் தலைப்பு, ஏதாவது பாலம், கட்டடம்னு கொடுங்களேன்" என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்க அம்மா குழுவுல இருக்காங்க இல்ல, அது போதும், வா" என்றார். ஆகவே அம்மா தயவில் இந்த மேடை. சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டால் நானே நிறுத்திக்கொள்கிறேன், பயப்பட வேண்டாம்.

மகளிர் மன்றம் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? கோலப் போட்டி, கரண்டியில் எலுமிச்சம் பழம் வைத்து ஓட்டம், பொங்கலுக்கு ஒரு பட்டிமன்றம், ஆண்டுக்கொரு முறை யாராவது பெரிய மனிதர் கையால் நாலு தையல் மெஷின் வழங்கும் போட்டோ. இவை தவறல்ல. ஆனால் மகளிர் சங்கம் என்றால் இவ்வளவுதான் என்று யாராவது நினைத்தால் அவர்களை நான் சென்னை அடையாற்றுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன்.

அங்கே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்திலிருந்து அங்கே போகாத தெரு இல்லை. இந்த அரங்கிலும் யார் வீட்டிலாவது ஒருவர் போயிருப்பார். அந்த மருத்துவமனையின் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டபிள்யூ, ஐ, ஏ. இந்திய மாதர் சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆம், ஒரு மாதர் சங்கம் உண்டாக்கிய மருத்துவமனை.

1917 மே மாதம் அடையாற்றில் அந்தச் சங்கம் தொடங்கியது. டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசண்ட் ஆகியோர் முன்னின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெண்களின் தூதுக்குழு ஒன்று மாண்டேகுவைச் சந்தித்து, பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டது. அந்தச் சங்கத்தில் பின்னால் முக்கியப் பங்கு வகித்தவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தவர். அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரை விடவில்லை. சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா போன்றவர்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். மற்றது உங்களுக்குத் தெரிந்ததே.

இதில் என் கண்ணில் படுவது ஒன்று. நிதி திரட்டித் திறப்பு விழா நடத்தியதோடு அந்தப் பெண்கள் கலைந்து போகவில்லை. மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த ஆண்டும் போனார்கள். ஒரு பணியின் கஷ்டம் திறப்பு விழாவுக்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. கட்டடத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடையாறு பெரிய இடம், படித்தவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள் என்று சொல்லலாம். நியாயம்தான். நம் பக்கத்துக் கிராமங்களிலும் பஞ்சாயத்து யூனியன்கள் வந்த காலத்தில் மாதர் சங்கங்கள் இருந்தன. தையல் வகுப்பு, பால்வாடி என்று நடந்தன. பல ஊர்களில் மாதர் சங்கக் கட்டடம் என்று ஒன்று இன்னும் நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதன் பிறகு 1989-ல் தர்மபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கி, மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவின. இன்று ஆரணியில் மகளிர் சங்கம் என்றால் பெரும்பாலும் இந்தக் குழுதான். பன்னிரண்டு முதல் இருபது பேர், ஒரு ஊக்குநர், ஒரு பிரதிநிதி, ஒரு தீர்மான நோட்டு, ஒரு வரவு செலவு நோட்டு.

இந்த நோட்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவற்றிடம் வருகிறேன்.

நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஆரணிப் பட்டு என்றால் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு புடவைக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பது தறி இருக்கும் வீட்டில்தான் தெரியும். அப்பா தறியில் உட்கார்ந்து நாடா தள்ளினால் அது நெசவு, அதற்குக் கூலி உண்டு. அம்மா ராட்டையில் தார் சுற்றுவதும், அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதும், பாவு போடும்போது மறுமுனை பிடிப்பதும் எந்தக் கணக்கில் வரும்? வீட்டு வேலைக் கணக்கில். கூலி புடவைக்குத்தான், தாருக்கு இல்லை. தார் இல்லாவிட்டால் நாடா வெறுமனே ஓடும் என்பது வேறு விஷயம்.

பட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு தம்பிமார்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கச்சாப் பட்டு நூலின் மேல் ஒரு பசை இருக்கிறது, செரிசின் என்று பெயர். சோப்பும் சோடாவும் போட்டு வெந்நீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் நூல் மென்மையாகும், பளபளக்கும், சாயம் பிடிக்கும். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இதிலேயே போய்விடும். பிறகு அலசல், சாயம், மறுபடி அலசல். எல்லாம் தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். ஆற்றோரம் தண்ணீர் கெட்டால் முதலில் தெரிவது சாயப்பட்டறைக்காரருக்கு.

வீட்டுக்குள் அது எப்படித் தெரியும் தெரியுமா? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017 கோடையில் தமிழ்நாடு முழுவதும் பட்ட பாடும் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் அம்மாவும் அக்கம் பக்கத்துப் பெண்களும் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் தார் சுற்ற ஆள் இல்லை. தறி நிற்கும். புடவை இறங்க நாலு நாள் தள்ளிப்போகும். கூலி தள்ளிப்போகும். தண்ணீர்ப் பஞ்சம் பெண்ணின் தலையில் குடமாக ஏறி, தறியில் வந்து உட்காருகிறது. படவேட்டு ரேணுகாம்பாள் கதையிலேயே, ஈர மண்ணைப் பிசைந்து குடமாக்கித் தண்ணீர் கொண்டுவரும் வேலை அந்த அம்மாவுக்குத்தான் இருந்தது. இந்த வட்டாரத்தில் தெய்வத்துக்குக்கூட அதிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் அம்மாவின் குழு செய்த முதல் காரியம் மிகச் சின்னது. லாரித் தண்ணீருக்கு வரிசைச் சீட்டு. தீர்மான நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, லாரி வந்த தேதி, நேரம், எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று எழுதினார்கள். சண்டை பாதியாகக் குறைந்தது. கைக்குழந்தைக்காரிக்கும் வயசானவர்களுக்கும் முதல் இடம். ஒரு மாதம் கழித்து, லாரி எந்தெந்த நாளில் வரவில்லை என்பதைத் தேதி வாரியாக எழுதி எடுத்துக்கொண்டு நாலு பேர் மனுக் கொடுக்கப் போனார்கள். வாயால் சொன்னால் யாரும் கேட்காததை நோட்டைக் காட்டியதும் கேட்டார்கள். எனக்கு அன்றைக்கு அது பெரிதாகப் பட்டது, இன்றைக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

இனி ஆற்றுக்கு வருகிறேன். நம் ஊரை ஒட்டிப் போவது கமண்டல நாகநதி. இரண்டு ஆறுகள் சேர்ந்த பெயர் அது. ஜவ்வாது மலையில் படவேடு பக்கமிருந்து வருவது கமண்டல நதி. அமிர்திக் காட்டிலிருந்து இறங்கி, கண்ணமங்கலம் வழியாக வருவது நாகநதி. இரண்டும் சேர்ந்து ஆரணியைத் தொட்டுக்கொண்டு போய்ச் செய்யாற்றில் கலந்து, அது பாலாற்றுக்குப் போகிறது. பாட்டி காலத்தில் கோடையிலும் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும் என்பார்கள். நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது, மழை பெய்யும் நாலு நாளில் மட்டும் ஓடும்.

ஏன்? மழை இல்லாமலா? நம் மாவட்டத்தில் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை உண்டு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குலம் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மழையில் குறைச்சல் இல்லை, அது நிற்பதில்தான் குறை. மழை இல்லாத மாதத்தில் ஆற்றில் ஓடுவது வானத்துத் தண்ணீர் அல்ல, நிலத்தடியிலிருந்து கசிந்து படுகைக்கு வரும் தண்ணீர். நிலத்தடி மட்டம் படுகையை விட உயரமாக இருந்தால் ஆற்றுக்குத் தண்ணீர் கிடைக்கும். ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சி உறிஞ்சி அந்த மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால், ஆறே நிலத்துக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் காய்ந்து போகும். நம் பகுதி பாறைப் பூமி. மேலே கொஞ்சம் மண், அதன் கீழ் உளுத்த பாறை, அதன் கீழ் கெட்டிப் பாறை. தண்ணீர் தங்க இடம் அந்த நடு அடுக்கும் பாறை வெடிப்புகளும்தான். மலையில் மரம் குறைந்து, மழை வேகமாக இறங்கி ஓடிவிட்டால் அந்த அடுக்குக்குள் நுழைய அதற்கு நேரமே கிடைக்காது.

ஆகவே மருந்து இரண்டு. ஓட்டத்தை நிறுத்தி நிதானப்படுத்துவது ஒன்று, வழிவிட்டு உள்ளே இறக்குவது மற்றொன்று. ஓடைகளில் குறுக்கே கற்களை அடுக்கிய தடுப்புகள் வைப்பது முதலாவது. சிமெண்டு வேண்டாம், கல் போதும், வேகம் குறைந்தால் சரி. இரண்டாவது உறைகிணறு. ஓடைப் படுகையில் குழி தோண்டி, களிமண் அடுக்கைத் தாண்டி, சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, கல் நிரப்பிவிடுவது. ஓடும் தண்ணீர் அதற்குள் இறங்கி நேராக அந்த நடு அடுக்குக்குப் போகும். எம்.டெக். படித்துக் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் எதுவும் இதில் இல்லை. வேண்டியது இரண்டு. எந்த ஓடையில், எந்த இடத்தில் என்ற அறிவு. பிறகு தோண்டுவதற்கு ஆயிரக்கணக்கான கைகள்.

2014-ல் இருந்து வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியப் பகுதியில் இது நடந்தது. வாழும் கலை அமைப்பின் நதி மீட்புப் பணியாக ஆரம்பித்து, திரு. சந்திரசேகரன் குப்பன் அவர்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தோடு அதை இணைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாகநதிக்காக நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பெண்கள் உழைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2021 செப்டம்பர் 26 அன்று, உலக நதிகள் தினத்தில், பிரதமரின் வானொலி உரையில் நாகநதிப் பெண்கள் பேசப்பட்டார்கள். ஆற்றில் மறுபடி தண்ணீர் வந்தது என்று நாடு முழுக்கச் செய்தி.

தலையில் சும்மாடு, கையில் கடப்பாரை, இரும்புச் சட்டியில் மண். வெயிலில் பாறையைப் பிளப்பது என்றால் என்ன என்று அறையில் உட்கார்ந்து வரைபடம் போடும் என் போன்றவர்களுக்கு முழுதும் தெரியாது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதே ஓடைக்கரையில் ஆடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், துணி துவைத்தவர்கள். எந்த ஓடை முதல் மழைக்கே பெருகும், எந்த இடத்தில் தண்ணீர் மூன்று நாள் தேங்கும், எங்கே வெளுத்த மண், எங்கே ஒட்டும் மண் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். செயற்கைக்கோள் படம் பத்துக் கிலோமீட்டரைக் காட்டும், இதைக் காட்டாது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை.

இங்கே ஒரு கேள்வி வரும். "அவங்க கூலிக்குத்தானே செஞ்சாங்க, இது எப்படி சேவையாகும்?" ஒரு நண்பர் என்னிடமே கேட்டார். எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. நமக்குச் சம்பளம் வருகிறது, அதனால் நாம் கட்டும் பாலம் ஊருக்குப் பயன்படாது என்றா சொல்கிறோம்? பெண் என்றவுடன் மட்டும் சேவை இலவசமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஏற்கெனவே வீட்டில் ஒரு சம்பளமில்லா வேலை, தறியில் இன்னொரு சம்பளமில்லா வேலை. அதற்கு மேல் ஊருக்காக மூன்றாவது சம்பளமில்லா வேலையையும் செய்யச் சொல்லி, அதற்குச் சமூகத் தொண்டு என்று பெயர் வைத்து, ஒரு பொன்னாடை போர்த்தினால் போதுமா? அடையாற்றுச் சங்கத்தில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்கள் பலர் இருந்தார்கள், அவர்களால் நேரத்தைத் தானமாகக் கொடுக்க முடிந்தது. கணியம்பாடிப் பெண்ணுக்கு நேரம்தான் சோறு. அவள் கூலி வாங்கிக்கொண்டுதான் ஆற்றை மீட்க முடியும், அப்படி மீட்டாலும் அது மீட்புதான்.

சரி, இன்னொரு பக்கத்தையும் பொறியாளன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். கைத்தட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 2021 நவம்பரில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலாறே இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த மாதிரி ஆண்டில் ஆறு ஓடினால், அது உறைகிணற்றால் ஓடியதா, மழையால் ஓடியதா? மழைக்காலத்தில் கரையில் நின்று பார்த்து இதைச் சொல்ல முடியாது. கார்த்திகையில் ஆறு ஓடுவது பெரிய சான்று இல்லை. பங்குனி, சித்திரையில் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, முன்பு எத்தனை அடியில் நின்றது, உறைகிணறு போடாத பக்கத்து ஓடைக் கிணறுகளில் எப்படி இருக்கிறது, இதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவும் ஒரு ஆண்டு போதாது. மழை குறைந்த ஆண்டும் நிறைந்த ஆண்டும் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுக் கணக்கு வேண்டும்.

சந்தேகப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைத்தவர்களுக்காகவே சொல்கிறேன். கணக்கு இருந்தால் நாளைக்கு யாரும் அவர்கள் உழைப்பை வெறும் மழை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது.

அடுத்தது இதைவிட அவசரம். உறைகிணறு என்பது ஒரு வடிகட்டி மாதிரி. வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவராது, வண்டலையும் கொண்டுவரும். ஒவ்வொரு மழைக்கும் கற்களின் இடுக்கில் கொஞ்சம் சேரும். சில ஆண்டுகள் யாரும் கை வைக்காவிட்டால் வாய் அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கிணறு கிணறாகவே இருக்கும், உள்ளே தண்ணீர் இறங்காது. புதிதாகத் தோண்டக் காசு வரும், திறப்பு விழா வரும், படம் வரும். தோண்டியதைத் தூர் வாரக் காசு எந்தத் தலைப்பில் வரும் என்று எம்-புக் எழுதிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். திட்டங்களின் பெயர் மாறும், சட்டம் மாறும், அதிகாரி மாறுவார். அந்த ஓடைக்குப் பக்கத்தில் மாறாமல் இருக்கப்போவது அங்கே குடியிருக்கும் பெண்களும் அவர்கள் குழுவும்தான்.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். சுயஉதவிக் குழுவைப் பற்றிக் கடன், வட்டி என்றுதான் பேசுகிறோம். அந்தக் குழுக்கள் நமக்குத் தெரியாமல் இன்னொரு காரியம் செய்திருக்கின்றன. படிப்பு அதிகம் இல்லாத லட்சக்கணக்கான பெண்களுக்கு வாரா வாரம் ஒரே நாளில் கூடி, ஒரு எண்ணை எழுதி, எல்லோர் முன்னிலையிலும் படித்து, கையெழுத்துப் போடும் பழக்கத்தைக் கொடுத்திருக்கின்றன. எங்கள் அம்மாவின் குழு நோட்டில் பல ஆண்டுகளாக ஒரு வாரம் விட்டுப்போகவில்லை. நான் வேலை செய்த தளங்களில் மழைமானி ரிஜிஸ்டரை இப்படி ஒழுங்காக எழுதி நான் பார்த்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பழக்கத்தோடு ஒரு கயிறும் ஒரு எடைக்கட்டியும் சேர்த்தால் கிணற்று நீர்மட்டம் பதிவாகிவிடும். மாதம் ஒரு முறை, அதே கிணறு, அதே இடத்திலிருந்து, காலையில் மோட்டார் போடுவதற்கு முன். நோட்டில் கூடுதலாக ஒரு பத்தி. அவ்வளவே.

நம் சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு சங்கத்தின் நினைவாகக் கல்லூரி வாசலில் ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவு அழகாகத்தான் இருக்கும். டிசைன் பண்ணித் தரவும் நான் தயார், இலவசமாக. ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆற்றோரம் நம் பக்கத்து நாலைந்து ஊர்களின் மகளிர் குழுக்களுக்கு ஒதுக்கலாம். மாதா மாதம் அளவு எடுக்கும் இருவருக்குச் சிறு தொகை. ஆடி கடைசியில், பருவமழைக்கு முன், தடுப்புகளையும் உறைகிணறுகளையும் தூர் வார நாள் கூலி, ஊரில் நடப்புக் கூலி என்னவோ அது. குறைத்துக் கேட்க வேண்டாம், சேவை என்று சொல்லி இலவசமாகவும் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் முதலில் தூர் வாருவது என்பதைக் குழுவே தீர்மானம் போட்டு முடிவு செய்யட்டும். நாம் அங்கே போய் மாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வேலை இருக்கிறது. சர்வே லேபில் டம்பி லெவல் கருவியை வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருக்கிறீர்கள். நாங்களும் அதே மைதானத்தைத்தான் அளந்தோம். அதன் மேடு பள்ளம் இந்நேரம் உலகத்துக்கே தெரிந்திருக்கும். ஒரு வருடம் அந்தக் கருவியை ஆற்றோரம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கிணற்றின் கைப்பிடிச் சுவரிலும் ஒரு குறி போட்டு, அதன் மட்டத்தை எடுத்துக் கொடுங்கள். அந்தக் குறி இருந்தால்தான் இந்தக் கிணற்று அளவையும் அந்தக் கிணற்று அளவையும் சேர்த்துப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைபடம் போட முடியும். எழுத்து வேலை குழுவினுடையது, வரைபட வேலை உங்களுடையது. வரைபடம் தயாரானதும் அதைக் கல்லூரி நூலகத்தில் பூட்டி வைக்காமல், முதல் பிரதியைக் குழுக் கூட்டத்தில் விரித்துக் காட்ட வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அது வைவாவை விடக் கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

சாயப்பட்டறை வைத்திருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் மூன்று பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களையும் விடுவதாக இல்லை. ஆற்றுக்கு மேல்பக்கம் பெண்கள் மண் சுமந்து தண்ணீர் இறக்க, கீழ்ப்பக்கம் நாம் சாயக் கழிவை விட்டால் அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? தொழில் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், என் வீடும் அதே தொழிலில்தான். தனித்தனியாக முடியாததைக் கூட்டாகச் செய்யலாமா என்று உட்கார்ந்து பேசுவோம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே பேசலாம்.

அம்மாவின் குழுவில் கேட்டுவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன். ஆற்றங்கரைத் தெருக்களில் நாலு கிணறுகளை அவர்கள் அளக்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஒரு நிபந்தனையோடு. அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டாமல் போகும் ஆட்கள் வேண்டாமாம். "முன்ன வந்தவங்க எல்லாம் எழுதிக்கினுதான் போனாங்க தம்பி, திரும்பி வந்து இன்னா ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லல" என்று குழுத் தலைவி சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் வந்து கணக்கைச் சொல்கிறேன் என்று நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து என் அம்மா.

கயிறு வாங்கியாயிற்று, மீட்டர் மீட்டராக முடிச்சும் போட்டாயிற்று. முதல் அளவு வரும் மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. வர விரும்பும் முன்னாள் மாணவர்களும் இந்நாள் மாணவர்களும் சாப்பாட்டுப் பந்தல் வாசலில் நம் செயலாளர் அண்ணனிடம் பெயர் கொடுக்கலாம். குழு உறுப்பினர்கள் வரும் அன்று தறி நிற்காமல் இருக்க, தார் சுற்றத் தெரிந்த ஆண்கள் யாராவது இருந்தால் அவர்களும் பெயர் கொடுக்கலாம். தெரியாதவர்களுக்கு என் அப்பா கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.